அலமாரியைச் சுவரோடு பிணைத்தாயா?

அன்புக் கண்ணுவுக்கு,

இங்கே நலம். அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. சித்தி வீட்டு விசேஷத்தில் உன்னைக் கேட்டவர்களிடமெல்லாம், ஜப்பானில், செண்டாயில் அவளுக்கு வேலை அதிகம் என்று சொல்லிவிட்டேன்.

புது வீட்டு முகவரி கிடைத்தது. அதில் உன் பெயர் மட்டும்தான் இருந்தது. எத்தனையாவது மாடி, அலமாரியைச் சுவரோடு பிணைத்தாயா, எதையும் நீ எழுதவில்லை. மாப்பிள்ளைக்குப் பிடித்த மாங்காய்த் தொக்கைப் பார்சலில் வைக்கலாமா என்று ஒரு வரி எழுது.

புவியியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு நிலநடுக்கம் என்றால் பயம் இராது என்று அப்பா நினைக்கிறார். தெரிந்ததனால்தான் எனக்குப் பயம். பூமியின் மேலோடு பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. உங்கள் கரைக்குக் கிழக்கே அவற்றில் ஒன்றான பசிபிக் தட்டு ஆண்டுக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் வீதம் ஜப்பானுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. கீழே கொதிக்கும் பாறைக்குழம்பு அதைத் தள்ளுகிறது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அடியில் இருப்பதும் பாறைதான். கடும் வெப்பத்தில் மிக மெதுவாக நகரும் திடப்பாறை. தட்டை முக்கியமாக இழுப்பது அதன் சொந்தக் கனம். நடுக்கடலுக்கு அடியில் உள்ள மலைமுகட்டில் சூடாகப் பிறந்த தரை, ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளில் குளிர்ந்து கனத்து, உங்கள் பக்கத்துக் கடலடி அகழியில் அமிழ்கிறது. கொடியில் போட்ட ஈரப்புடவை ஒரு பக்கம் கனத்தால் மீதியும் அந்தப் பக்கமே சரியுமே, அப்படி அமிழும் விளிம்பு தட்டு முழுவதையும் தன்னோடு இழுக்கிறது.

இழுப்பு ஓய்வதில்லை. ஆனால் இரண்டு தட்டுகளும் உரசும் இடம் பூட்டிக்கொள்ளும். மேலே ஒன்றும் தெரியாது. உள்ளே இறுக்கம் ஏறிக்கொண்டே இருக்கும். பூட்டு விடுபடும் நாளில் நிலம் குலுங்கும், கடல் பொங்கிக் கரையேறும். 869-ஆம் ஆண்டில் செண்டாய்ச் சமவெளியில் கடல் ஏறியது. 2011 மார்ச் 11 அன்று மறுபடியும் ஏறியது. அன்று உங்கள் பக்கத்து ஓஷிகா தீபகற்பமே 5 மீட்டருக்கு மேல் கிழக்கே நகர்ந்துவிட்டது. சின்னச் சின்ன அதிர்வுகள் அந்த இறுக்கத்தைத் தீர்த்துவிடாது, கண்ணு. ஒன்றுமே கேட்காத நாட்கள்தான் என்னைத் தூங்கவிடுவதில்லை.

ஏற்காட்டு மலையின் சார்னோகைட் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அதுவும் சும்மா நிற்கவில்லை. இந்தியத் தட்டோடு சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்கே போகிறது. ஆனாலும் நாங்கள் தட்டின் உட்பகுதியில் இருக்கிறோம், நீ விளிம்பில் இருக்கிறாய். நம் தெருவில் எந்தப் பெண்ணும் போகாத தூரம் போனவள் நீ. அந்தப் பெருமை எனக்கு இம்மியும் குறையவில்லை. அதற்காக மாதத்துக்கு ஒரு போன்கூடச் செய்யக் கூடாதா?

படுக்கைக்குப் பக்கத்தில் செருப்பும் டார்ச்சும் இருக்கட்டும். கண்ணாடி நொறுங்கிக் கிடந்தால் வெறுங்காலோடு ஓட முடியாது. அலமாரியைப் பிணை. அதைத் தனியாக நகர்த்தாதே, மறுபக்கம் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அங்கே ஆள் இல்லை என்றால் எழுது. விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று தம்பியிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அப்பாவுக்குச் சித்தி சமைத்துப் போடுவாள்.

அம்மா