கிராஸ்ஓவருக்கு 8 ஓம் கணக்கு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டிலேயே மூவழி ஸ்பீக்கர் செய்வது பற்றித் தங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையில் பெட்டிக் கணக்கு சரியாகவே இருந்தது. ஒலியைத் தாழ்ந்த, நடு, உயர்ந்த அலைவெண்களாகப் பிரித்து ஊஃபர், மிட்ரேஞ்ச் (மிட்), ட்வீட்டர் மூன்றுக்கும் அனுப்பும் கிராஸ்ஓவரின் அட்டவணையை நம்பிக் காயில் வாங்குபவர்களுக்குத்தான் காசு வீண்.

அந்த அட்டவணைப்படி 500, 3000 ஹெர்ட்ஸில் பிரிக்க, 8 ஓமுக்கு லிங்க்விட்ஸ்-ரைலி இரண்டாம் படிக் கணக்கில் (ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு காயில், ஒரு கெப்பாசிட்டர்) கீழ்ப் பிரிவுக்கு 20 மைக்ரோஃபாரட், 5.1 மில்லிஹென்றி, மேல் பிரிவுக்கு 3.3 மைக்ரோஃபாரட், 0.85 மில்லிஹென்றி. கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த 8 ஓம் ஸ்பீக்கரின் முதுகில் ஒட்டிய தாளில்தான் இருக்கிறது. மல்டிமீட்டரில் பார்த்தால் ஏறக்குறைய 6 ஓம். ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸ் (அலைவெண் ஏற ஏற எதிர்ப்பைக் கூட்டும் தன்மை) 0.5 மில்லிஹென்றி என்றால், 3000 ஹெர்ட்ஸில் அதே மிட்ரேஞ்ச் 11 ஓம் ஆகிவிடும். மிட்டுக்கு உயர்ந்த அலைவெண்கள் போகாமல் நிறுத்தும் மேல்வெட்டு உரிய இடத்தில் விழாமல் தள்ளிப்போய், ட்வீட்டர் பாடும் இடத்தில் மிட்டும் சேர்ந்து பாடும். பாடகியின் ‘ச’வும் ‘ஷ’வும் காதைக் குத்துவது இதனால்தான், பழியோ பெரும்பாலும் ட்வீட்டர் மேல் விழுகிறது.

மருந்து ஸோபல் இணைப்பு, அதாவது இப்படி ஏறும் ஓமை ஈடுகட்டும் ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் ஜோடி. மல்டிமீட்டர் காட்டிய ஓமை 1.25-ஆல் பெருக்கினால் ரெசிஸ்டர். இண்டக்டன்ஸை அந்த ரெசிஸ்டரின் வர்க்கத்தால் வகுத்தால் கெப்பாசிட்டர். இங்கே 7.5 ஓம், 10 வாட், 6.8-உம் 2.2-உம் பக்க இணைப்பில் சேர்த்து 9 மைக்ரோஃபாரட். இரண்டையும் தொடராக்கி மிட்டின் முனைகளுக்குக் குறுக்கே வைக்க வேண்டும்.

500 ஹெர்ட்ஸும் எல்லா மிட்டுக்கும் ஒத்துவராது. அதன் ஒத்ததிர்வு (கூம்பு இயல்பாகவே அதிகம் அதிரும் அலைவெண்) 350-இல் இருந்தால், அங்கே மின்மறுப்பு (ஓமில் அளக்கும் மொத்த எதிர்ப்பு) மலைபோல் எழும்பிக் கீழ்வெட்டைக் கெடுத்துவிடும். ஒத்ததிர்வைப் போல் இரு மடங்குக்கு மேல், 800-இல் பிரியுங்கள்: 12.4 மைக்ரோஃபாரட், 3.2 மில்லிஹென்றி.

கட்டுரை தொடாமல் விட்டது முனை மாற்றம். இரண்டாம் படியில் மிட்டின் பிளஸ், மைனஸை மாற்றி இணைக்காவிட்டால் பிரிவிடங்களில் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு மீட்டர் எதிரே மைக் வைத்து இரண்டு விதமாகவும் பாருங்கள். பிரிவிடத்தில் பள்ளம் விழாத இணைப்பே சரி.

ட்வீட்டர் 4 டெசிபல் அதிகம் கத்தினால், கிராஸ்ஓவருக்கும் ட்வீட்டருக்கும் இடையே தொடராக 3 ஓம், ட்வீட்டருக்குக் குறுக்கே 13.5 ஓம். கிராஸ்ஓவருக்கு முன்னால் ரெசிஸ்டர் போட்டால் வெட்டும் இடமே மாறிவிடும்.

காசு மிச்சப்படுத்த ஒரு வழி: சீலிங் ஃபேனுக்குப் போடும் 3.15 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் பாலிப்ரொப்பிலீன்தான். ட்வீட்டருக்கு நன்றாகவே உழைக்கும். ஆம்ப்ளிஃபையர் பவர் சப்ளையில் வரும் பிளஸ், மைனஸ் குறியிட்ட எலெக்ட்ரோலிட்டிக் மட்டும் இங்கே வேண்டாம். ஊஃபர் காயிலின் கம்பித் தடை அரை ஓமுக்குள் இருக்கட்டும். கூடினால் பேஸ் தொளதொளத்துவிடும். காயில்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் தள்ளி வையுங்கள். அடுக்கி ஒட்டினால் ஊஃபரின் ஒலி மிட்டுக்குள் கசியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்