பார்முலா தெரிகிறது, கரைசல் கலக்கத் தெரியவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்கினால் எங்கள் குடியாத்தம் பக்கம் மாலை டியூஷன்களில் ஒரே பாட்டுதான்: வி ஒன் என் ஒன் ஈக்குவல் டு வி டூ என் டூ (வி என்பது கன அளவு, என் என்பது நார்மாலிட்டி என்கிற செறிவு). பியூரெட் (சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாய்) அளவு இவ்வளவு, பிப்பெட் (உறிஞ்சு குழாய்) 20 மில்லி, வந்த விடையைச் சமான எடையால் பெருக்கு, முடிந்தது. இதில் பிள்ளைகள் யாரும் சோடை போவதில்லை. அதே பிள்ளையிடம் ஆக்சாலிக் அமில டப்பாவையும் காலிக் குடுவையையும் நீட்டி, "0.1 மோலார் கரைசல் 100 மில்லி தயார் பண்ணு" என்று சொல்லிப் பாருங்கள், முழிக்கும். (ஒரு லிட்டர் கரைசலில் ஒரு மோல், அதாவது மூலக்கூறு நிறை எத்தனையோ அத்தனை கிராம், இருந்தால் அது ஒரு மோலார்.) ஏனென்றால் தேர்வில் கரைசல் பாட்டிலில் தயாராக வந்துவிடுகிறது. சில இடங்களில் எத்தனை மில்லியில் நிறம் மாறும் என்பதுகூட முன்கூட்டியே காதில் விழுந்துவிடுகிறது, அது தனிக் கதை. நான் முன்பு ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் இடத்தில் லேபில் இருந்தவன், இப்போது மாலையில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டையும் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஆக்சாலிக் அமிலத்தையே எடுத்துக்கொள்வோம். பிள்ளை புத்தகத்தில் மூலக்கூறு வாய்பாட்டைப் பார்த்து 90 என்று போடும், 100 மில்லிக்கு 0.9 கிராம் என்று கணக்கு வரும். டப்பாவில் இருக்கிற படிகமோ இரண்டு தண்ணீர் மூலக்கூறைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது, அதன் நிறை 126, ஆக 1.26 கிராம் நிறுக்க வேண்டும். 0.9 கிராம் போட்டால் கரைசல் உண்மையில் 0.07 மோலார்தான். அதை 0.1 என்று நம்பி சோடியம் ஹைட்ராக்சைடு காரத்தை டைட்ரேட் செய்தால், அதாவது அமிலமும் காரமும் சரிக்குச் சரி தீரும்வரை சேர்த்து அளந்தால், விடை 40 சதவீதம் கூடுதலாக வரும், அப்போதும் நிறங்காட்டி பினாப்தலீன் ஒழுங்காக நிறம் மாறும், எல்லாம் சரியாகத்தான் தெரியும். டப்பா லேபிளைத் தன் கையால் திருப்பிப் படித்துப் பார்த்தவனுக்குத்தான் இது மண்டையில் ஏறும்.

அப்புறம் அந்த பார்முலா. தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்யும்போது உள்ளே இருக்கிற மோல் கூடுவதும் இல்லை குறைவதும் இல்லை, அதனால் மோலாரிட்டியைக் கன அளவால் பெருக்கினால் முன்னும் பின்னும் ஒன்றே. இவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒரு ஆக்சாலிக் அமில மூலக்கூறுக்கு இரண்டு சோடியம் ஹைட்ராக்சைடு தேவைப்படுகிற டைட்ரேஷனிலும் மோலாரிட்டியை அப்படியே தூக்கிப் போட்டால் விடை பாதியாகிவிடும்: 0.05 மோலார் அமிலம் 20 மில்லி, காரம் 20 மில்லி என்றால் காரம் 0.1 மோலார், 0.05 இல்லை. நம் செய்முறை நோட்டில் மூலக்கூறு நிறைக்குப் பதில் சமான எடையை (ஆக்சாலிக் அமிலத்துக்கு அதில் பாதி) வைத்துக் கணக்கிடும் நார்மாலிட்டி இருப்பதால் அந்த இரண்டு உள்ளேயே ஒளிந்துகொள்கிறது, பிள்ளைக்கு அது இருப்பதே தெரிவதில்லை. பிறகு நீட் பயிற்சிக்குப் போய் மோலாரிட்டியில் கணக்கு வந்ததும் தடுமாறுகிறார்கள். நார்மாலிட்டி மேல் எனக்குக் கோபம் இல்லை, சமன்பாட்டை எழுதிப் பார்க்காமலே விடை வந்துவிடுவதுதான் சிக்கல்.

ஒரு லிட்டர் தண்ணீரில் கரைப்பதும், கரைத்துவிட்டு ஒரு லிட்டர் கோடு வரை தண்ணீர் சேர்ப்பதும் ஒன்று என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். வீட்டிலேயே பார்க்கலாம். 342 கிராம் சர்க்கரை, அதாவது ஒரு மோல், ஒரு லிட்டர் தண்ணீரில் கொட்டிக் கலக்கி அளந்தால் ஏறக்குறைய 1.2 லிட்டர் வரும். அப்படியென்றால் அது ஒரு மோலார் இல்லை, 0.8 சொச்சம். குலாப் ஜாமூன் பாகு காய்ச்சுகிற அம்மாவுக்குப் பாத்திரத்தில் மட்டம் ஏறும் என்று தெரியும், பிளஸ் ஒன் படிக்கிற பையனுக்குத் தெரியவில்லை!

தோல் தொழிற்சாலையில் வேறு மாதிரி. அங்கே சதவீதம் என்றால் கரைசலில் இல்லை, தோலின் எடையில். 1000 கிலோ தோல் டிரம்மில் இருந்தால் 80 சதவீதம் தண்ணீர் 800 லிட்டர், 8 சதவீதம் உப்பு 80 கிலோ, 1 சதவீதம் கந்தக அமிலம் 10 கிலோ. புதிதாக வந்த பட்டதாரிப் பையன்கள் 800 லிட்டருக்கு ஒரு சதவீதம் போட்டு 8 என்பார்கள். பத்து கிலோ என்று சொன்னால் பத்து லிட்டர் அளந்து வருவார்கள், அடர் கந்தக அமிலம் ஒரு லிட்டர் 1.84 கிலோ என்பதால் வேண்டியது 5.4 லிட்டர்தான். அங்கே வருஷக்கணக்காக வேலை செய்கிற, பள்ளிக்கூடம் சரியாகப் போகாத ஆட்கள் ஒன்றுக்குப் பத்து தண்ணீர் எடுத்து, தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்றி, ஆறவிட்டுத் தவணை தவணையாக டிரம்மில் விடுவார்கள், அதற்கு முன் உப்புத் தண்ணீரில் கண்ணாடி மீட்டரை மிதக்கவிட்டு உப்பு போதுமா என்று பார்த்துவிடுவார்கள். உப்பு குறைந்த நிலையில் ஆசிட் போனால் தோல் உப்பிக் கெட்டுவிடும். கணக்கை எழுதத் தெரியாதவர்களுக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது.

தோல் கெட்டால் முதலாளிக்கு நஷ்டம். ஓஆர்எஸ் விஷயம் அப்படி இல்லை. வேலூர் வெயிலில் சித்திரை, வைகாசி வந்தால் வயிற்றுப்போக்கும் வரும், வீட்டுக்கு வீடு அந்தப் பாக்கெட்டும் வரும். 20.5 கிராம் தூள், ஒரு லிட்டருக்கு என்று மேலேயே போட்டிருக்கிறது. உப்பு 2.6 கிராமை 58.5ஆல் வகுத்து, சோடியம் சிட்ரேட் 2.9 கிராமை 294ஆல் வகுத்து, அதில் மூன்று சோடியம் இருப்பதால் மூன்றால் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் ஒரு லிட்டருக்குச் சோடியம் சுமார் 75 மில்லிமோல் வரும். பிளஸ் ஒன் மாணவன் ஐந்து நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு. இதை ஒரு டம்ளரில், 200 மில்லி தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் குழந்தைக்குக் கொடுத்தால் சோடியம் 375 ஆகிறது. நம் ரத்தத்திலேயே 140 பக்கம்தான். தாகம் தீர்க்க வேண்டியது, இருக்கிற தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். செறிவு பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு எங்கே தேடுவது? புத்தகத்தில் வேண்டாம், வாத்தியார் பலகையில் எழுதினாலே போதும்.

பள்ளிக் கல்வித் துறைக்கு நான் கேட்பது சின்ன விஷயம். பத்தாம் வகுப்பிலேயே கரைசல்கள் பாடத்தில் நிறை சதவீதம், கனஅளவு சதவீதம் எல்லாம் வந்துவிடுகிறது, பாடம் குறை இல்லை. பிளஸ் ஒன்னிலோ பிளஸ் டூவிலோ ஒவ்வொரு மாணவனும் ஒரு முறையாவது தானே நிறுத்து, தானே கோடு வரை நிரப்பி, அதைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, பக்கத்து மேசைக்காரன் டைட்ரேட் செய்து சரி பார்க்க வேண்டும், அதற்கு மதிப்பெண்ணும் வேண்டும். மதிப்பெண் இல்லாவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள், அது எல்லாருக்கும் தெரிந்ததே. செலவு ஆகும் என்பார்கள். ஆக்சாலிக் அமிலம் ஏற்கெனவே லேபில் இருக்கிறது. நகைக்கடையில் வைத்திருப்பது போல 0.01 கிராம் காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் 1.26 கிராம் நிறுப்பதில் ஒரு சதவீதத்துக்குள் பிழை, பள்ளிக்கு இது தாராளம். 250 மில்லி ஸ்டாண்டர்டு பிளாஸ்க் வேண்டாம், 100 மில்லி போதும். அப்படியே பிப்பெட்டுக்கு ரப்பர் பல்பும் வாங்கிவிடுங்கள், ஆக்சாலிக் அமிலம் விஷம், இன்னும் பல இடங்களில் வாயால்தான் உறிஞ்சுகிறார்கள்.

இப்படிக்கு,
வேதியியல் சொல்லிக்கொடுக்கும் ஒரு வாசகர், குடியாத்தம்.