அழைப்பு அறையை நடத்துவோருக்கும் சான்றிதழ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆம்புலன்ஸ் சேவை ஒன்றின் அழைப்பு அறையில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். கடைசி நான்கு ஆண்டுகள் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருந்தேன். அவசர உதவி எண்களைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் வண்டிகளின் எண்ணிக்கையையும் அவை வந்துசேரும் நேரத்தையும் பற்றியே இருக்கின்றன. அந்த வண்டியை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யும் அறையை நடத்துகிறவர்கள் அதற்கென்று என்ன படித்திருக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஓர் இரவு இரண்டு மணிக்கு, "புதூர்லேர்ந்து பேசுறேங்க, அப்பாவுக்கு நெஞ்சு வலி, வேர்த்துக் கொட்டுது" என்று ஒரு பையன் அழைத்தான். எடுத்தவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன பெண். தமிழ்நாட்டில் புதூர் என்ற பெயரில் எத்தனை ஊர்கள் உண்டு என்பது தங்கள் வாசகர்கள் அறிந்ததுதான். திரையில் வந்த பட்டியலில் முதலாவதாக இருந்த புதூரை அவள் தேர்ந்தெடுத்தாள். வண்டி வேறொரு தாலுகாவுக்குப் போய்விட்டது. தவறு தெரிந்து இன்னொரு வண்டியைத் திருப்பிவிடுவதற்குள் நாற்பது நிமிடம் கடந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனதால் அந்தப் பெரியவர் பிழைத்தார். மறுநாள் மேலாளர் அந்தப் பெண்ணுக்கு மெமோ கொடுத்தார். பதிவை ஒருமுறை போட்டுக் கேட்டிருந்தால், பையன் "பால் சொசைட்டிகிட்ட" என்று இரண்டு முறை சொன்னதும், அந்த அடையாளத்தை எழுதிக்கொள்ளத் திரையில் இடமே இல்லாததும், தாலுகாவின் பெயரைக் கேட்க வேண்டும் என்று எங்கள் கேள்வி வரிசையில் எங்குமே குறிப்பிடாததும் அவருக்குத் தெரிந்திருக்கும். மூன்று மாதம் கழித்து, வேறொரு பெண், வேறொரு புதூர், அதே தவறு நடந்தது.

அந்த மேலாளர் கெட்டவர் அல்லர். வாகனப் பராமரிப்பு நிர்வாகத்திலிருந்து வந்தவர். அழைப்புப் பதிவை எப்படித் தணிக்கை செய்வது என்று அவருக்கு யாரும் ஒரு நாள்கூடக் கற்றுத்தரவில்லை. எனக்கும் அப்படித்தான். மேற்பார்வையாளராக்கிய அன்று என் கையில் தந்தது வருகைப் பதிவேடும் விடுப்புப் பட்டியலும் மட்டுமே.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008-இலும், 112 என்ற ஒற்றை அவசர எண் 2019-இலும் வந்தன. மருத்துவர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி சொல்கிறது. ஆம்புலன்சில் வரும் அவசர மருத்துவத் தொழில்நுட்பரை 2021-ஆம் ஆண்டின் துணைமருத்துவப் பணியாளர் சட்டம் ஒரு தொழில்முறையாளராக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அழைப்பு அறையை நடத்துகிறவருக்கு மட்டும், நானறிந்த வரையில், தேர்வும் இல்லை, பதிவும் இல்லை, புதுப்பித்தலும் இல்லை.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 2008-இல் ஓர் இளம்பெண் கடத்தப்பட்டார். சாலையில் பக்கத்துக் காரிலிருந்து கேட்ட அலறலை ஒருவர் அந்நாட்டு அவசர எண்ணான 911-ஐ அழைத்துத் தெளிவாகச் சொல்லியும், அந்தத் தகவல் ரோந்து வண்டிகளுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் பெண் கொலையுண்டார். குடும்பத்தார் விடாமல் போராடியதன் பலனாக, 911 பணியாளர்களுக்கு 232 மணி நேரப் பயிற்சியும் அரசுச் சான்றிதழும் அங்கே கட்டாயமாயின. சான்றிதழை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அழைப்பெடுப்போரை மேற்பார்வை செய்பவரையும் அந்தச் சட்டம் அதே வரையறைக்குள் கொண்டுவருகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இதற்கு மேல், நேனா என்ற அந்நாட்டு அவசர எண் சங்கம் தேர்வு நடத்தி நிர்வாகிகளுக்குத் தொழில்முறைச் சான்று வழங்குகிறது. தொடர்ந்து கற்றதைக் காட்டினால்தான் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அது நீடிக்கும்.

இங்கே அப்படியொரு படிப்பு வருமானால், பதிவுகளைக் கேட்டுக் குறை எங்கே என்று கண்டுபிடிக்கும் பயிற்சிதான் அதன் நடுநாயகமாக இருக்க வேண்டும். தீபாவளி இரவுக்கு எத்தனை பேரை உட்கார வைப்பது, இந்தியும் ஒடியாவும் மட்டுமே தெரிந்த தொழிலாளி அழைத்தால் யாரிடம் இணைப்பது, 2015 டிசம்பர் வெள்ளம் போல மின்சாரமும் தொலைபேசியும் ஒன்றாக விழும்போது அறையை எப்படி இயங்கவைப்பது ஆகியவையும் அதில் சேர வேண்டும். குழந்தை மூச்சுவிடவில்லை என்று கதறும் தாயிடம், மார்பை எப்படி அழுத்துவது என்று போனிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டு, ஹெட்செட்டைக் கழற்றி வைத்த பெண்ணை அடுத்த அழைப்பை எடுக்கச் சொல்லலாமா, பத்து நிமிடம் வெளியே அனுப்ப வேண்டுமா என்பதும் படிப்பாலும் பழக்கத்தாலும் வருகிற அறிவுதான். அந்த முடிவை நான் பலமுறை தவறாக எடுத்திருக்கிறேன் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் காவல்துறையையும் தீயணைப்புத் துறையையும் சேர்த்துக்கொண்டு ஆறு மாதச் சான்றிதழ் படிப்பொன்றைத் தொடங்கலாம். ஷிப்ட் தலைவரும் மைய மேலாளரும் அதை முடித்திருக்க வேண்டும், குறித்த கால இடைவெளியில் புதுப்பிக்க வேண்டும் என்பதை, சேவையை நடத்தும் நிறுவனங்களுடனான ஒப்பந்தத்திலேயே அரசு எழுதிவிட வேண்டும். இப்போது பணியில் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் தந்து, வகுப்புகளை வேலை நேரத்துக்குள்ளேயே வைக்க வேண்டும். இரவு முழுக்க அழைப்பெடுத்தவரைக் காலையில் வகுப்பில் உட்கார வைத்தால் எதுவும் மண்டையில் ஏறாது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத முன்னாள் மேற்பார்வையாளர்,
திருச்சிராப்பள்ளி.