செல்போனைப் பிடுங்கினால் பேச்சு வந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் குழந்தை வளர்ப்புப் பக்கத்தில், "பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சைக் குறைத்தால் முதலில் அம்மாவின் செல்போனைப் பிடுங்குங்கள்" என்று ஒரு வரி, கூடவே ஒரு சிரிப்புப் படம். எங்கள் வீட்டில் அதை முதலில் படித்தது என் மருமகள். ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பேரனுக்கு அப்போது ஐந்து வயது. வாய் ஓயாது. இரண்டே மாதத்தில் கூப்பிட்டால் திரும்புவது நின்று, சொன்னது புரியாமல் முழித்து, கடைசியில் 'அம்மா'கூட நின்றுபோனது. ஆனால் பஞ்சுமிட்டாய்க்காரர் மணியடித்தால் வாசலுக்கு ஓடுவான். அதைப் பார்த்து 'திமிர்' என்று முடிவு கட்டியவன் நான்தான், ஒரு நாள் கையையும் ஓங்கிவிட்டேன். நாக்கில் வசம்பு தேய்த்தோம். காது டாக்டர் ஒருவர், காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்துவிட்டு, காதில் ஒன்றுமில்லை, செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறீர்கள் என்றார். மருமகள் வேலையை விட்டாள். எட்டு மாதம் இப்படியே போனது.

அப்புறம் வேறொரு டாக்டர், பையனை ராத்திரி தூங்கவிடாமல் வைத்திருந்து காலையில் கொண்டுவாருங்கள், தூக்கத்தில் இ.இ.ஜி., அதாவது மூளையின் மின்னோட்டப் பதிவு, எடுக்க வேண்டும் என்றார். விடிய விடிய நானும் அவனும் தாயம் உருட்டினோம். தூங்கும்போதுதான் அவன் மூளையில் மின்னோட்டம் தாறுமாறாக ஓடியது தெரிந்தது. காது கேட்கும், கேட்டதைப் பேச்சென்று மூளை பிரித்தறியாது. கண்ணுக்குத் தெரிகிற வலிப்பு ஒருமுறைகூட வந்ததில்லை, சில பிள்ளைகளுக்கு அப்படித்தானாம். இந்த நோய்க்கு லாண்டாவ்-கிளெஃப்னர் என்று பெயர். அந்தப் பெயருக்குரிய இருவரும் 1957-லேயே அமெரிக்காவில் எழுதிவைத்த சமாசாரம், உங்களுக்குத் தெரியாததா? ஸ்டீராய்டில் முகம் உப்பி, ஒரு வழியாகச் சில வார்த்தைகள் திரும்பின. இப்போது எட்டு வயது. மீதியைச் சைகையில் பேசிக்கொள்கிறோம்.

சொல்ல ஆரம்பித்ததால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். திக்குவாய் ஜோக்குகளை நிறுத்துங்கள் என்று மூன்று வருஷத்துக்கு முன் இரண்டு பக்கம் எழுதினேன், "இதழ் அருமை" என்று ஒரு வரியாக்கி என் பெயரோடு போட்டீர்கள். நன்றி. அந்த ஜோக்குகளைப் படித்து வளர்ந்தவரோ என்னவோ, மாற்றுத்திறனாளிகள் முகாமில் ஒரு அதிகாரி, "காதுதான் கேட்கிறதே, அப்புறம் என்ன ஊனம்?" என்று என்னைக் கேட்டார். நரம்புக் கோளாறால் பேச்சும் மொழியும் நிரந்தரமாகப் பாதிக்கப்படுவதும் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருக்கிறது. அதை அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். அதே பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள்: 'பேசிக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பேச்சு நின்றால், தானாக வரும் என்று காத்திருக்காமல் குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கத்தில் இ.இ.ஜி. எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.' படம் எதுவும் வேண்டாம்.

என் சந்தா மார்ச் வரை இருக்கிறது. பார்த்துக்கொண்டிருப்பேன்.

பெயர் வேண்டாம், ஒரு தாத்தா,
திருச்சி மாவட்டம்.