மருத்துவர் கேட்ட கேள்விக்கு அப்பாவின் பதில்

அன்பு மகளுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. புதிய ஊரில் நீ பார்க்கச் சென்ற மருத்துவர் உன் மார்பின் நடுவே உள்ள தழும்பைக் கண்டு, என்ன அறுவை சிகிச்சை, எந்த வயதில், வால்வில் என்ன செய்தார்கள் என்று கேட்டிருக்கிறார். "குழந்தையில் இதயத்தில் ஓட்டை இருந்தது, அடைத்துவிட்டார்கள்" என்பதற்கு மேல் உனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. அந்த ஒரு வரியை உனக்குக் கொடுத்தவன் நான். ஆறு வயதில் நீ கண்ணாடி முன் நின்று தழும்பைத் தொட்டுப் பார்த்துக் கேட்டபோது, அந்த வயதுக்கு அது போதும் என்று சொன்னேன்; அதன்பின் இருபத்தொரு ஆண்டுகளாக ஒரு சொல்லும் கூடுதலாகச் சொல்லவில்லை. அந்த நாள்களை மறுபடி பேச எனக்குத் தைரியம் இல்லாமல் இருந்ததுதான் காரணம். உன் உடம்பைப் பற்றிய செய்தியை உன்னிடம் சேர்க்காமல் வைத்திருந்தது என் தவறு. இப்போது எழுதுகிறேன்.

உனக்கு இருந்தது ஓட்டை மட்டும் அல்ல. அதன் பெயர் டெட்ராலஜி ஆஃப் ஃபேலட். மருத்துவமனையில் சுருக்கமாக டி.ஓ.எஃப் என்பார்கள். இதயத்தின் இரு கீழறைகளுக்கும் இடையே உள்ள சுவரில் ஒரு பெரிய ஓட்டை. நுரையீரலுக்கு இரத்தம் போகும் பாதையில் குறுக்கம். உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகும், இடது அறையிலிருந்து மட்டும் கிளம்ப வேண்டிய மகாதமனி, அந்த ஓட்டைக்கு நேர் மேலே இரு அறைகளுக்கும் பொதுவாக அமர்ந்திருப்பது. குறுக்கத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி வலது கீழறையின் சுவர் தடித்துப்போவது. இந்த நான்கும் சேர்ந்ததே அந்த நோய். நுரையீரலுக்குப் போக வழியில்லாத இரத்தம், பிராணவாயு ஏறாமலேயே ஓட்டை வழியாக உடம்புக்குள் போய்விடும். உன் உதடும் நகமும் நீலமாகத் தெரிந்ததற்கு அதுவே காரணம்.

அந்த நீலத்தை முதலில் பார்த்தவள் உன் அம்மா. நீ பிறந்து மூன்றாவது வாரம், நீ அழும்போது உதடு நிறம் மாறுகிறது என்றாள். குளிராக இருக்கும் என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடியவன் நான். பால் குடிக்கத் தொடங்கிய இரண்டாவது நிமிடமே உன் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்பதையும், பாதியில் வாயை விட்டுவிட்டு ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்குவதையும் அவள் காட்டினாள். குழந்தைகள் அப்படித்தான் என்றேன். ஆறாவது வாரம் தடுப்பூசிக்குப் போனபோது, மருத்துவர் உன் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, எடுக்காமல் நெடுநேரம் கேட்டார். அந்த மௌனத்தில்தான் உன் அம்மா சொன்னது உண்மை என்று எனக்கு உறைத்தது. மூன்று வாரம் அவள் தனியாகப் பயந்திருக்கிறாள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டது வெகு நாள் கழித்து.

எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் பரிசோதனை, எடுத்த அறை இருட்டாக இருந்தது. திரையில் உன் இதயம் சிவப்பும் நீலமுமாகத் துடித்தது. நீலம் எல்லாம் கெட்ட இரத்தம் என்று நினைத்து, நீலம் அதிகமாகத் தெரியும்போதெல்லாம் உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அந்த மருத்துவர் விளக்கினார்: திரையில் சிவப்பு என்றால் கருவியை நோக்கி வரும் இரத்தம், நீலம் என்றால் விலகிப் போகும் இரத்தம், பிராணவாயுவுக்கும் அந்த நிறத்துக்கும் தொடர்பே இல்லை. அன்று முதல், புரியாததைக் கேட்காமல் பயப்படக் கூடாது என்று முடிவு செய்து ஒரு நோட்டு வாங்கினேன். எத்தனை மில்லி பால், எத்தனை கிராம் எடை, தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று நாள்தோறும் எழுதினோம். பால் குடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் உன்னை விடக் கூடாது என்றார்கள்; அதற்கு மேல் போனால் குடித்த பாலின் சத்தைவிடக் குடிக்கும் உழைப்புக்குச் செலவாவது அதிகமாகிவிடும். ஒரு வாரத்தில் எண்பது கிராம் ஏறியிருந்தால் வீட்டில் எல்லோர் முகமும் மாறிவிடும்.

உன் அம்மா இரவில் கேட்டது ஒரே கேள்வி: நான் என்ன தவறு செய்தேன்? எதைச் சாப்பிட்டேன், எப்போது கனமானதைத் தூக்கினேன் என்று அவள் மனத்துக்குள் தேடிக்கொண்டே இருந்தாள். குழந்தையின் இதயம் கருவுற்ற முதல் எட்டு வாரங்களுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது, பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஏன் வருகிறது என்று காரணம் காட்ட முடியாது, பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு ஏதோ ஒரு விதமான இதயக் குறை இருக்கிறது என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னதை அவள் அறிவு ஏற்றுக்கொண்டது. மனம் ஏற்க ஆண்டுகள் ஆயின.

நான்காவது மாதத்தில் ஒரு காலை நேரம். நீ எழுந்ததும் அழத் தொடங்கினாய். அன்று அழுகை ஓயாமல் ஏறிக்கொண்டே போய், உதடு நீலத்திலிருந்து ஏறக்குறையக் கறுப்பாகி, பிறகு சத்தமே குறைந்து உடல் துவளத் தொடங்கியது. குறுக்கமான பாதை திடீரென இன்னும் இறுகி, நுரையீரலுக்குப் போகும் கொஞ்ச இரத்தமும் நின்றுபோகும் நிலை அது. இப்படி ஒரு நாள் நடக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லி, ஒரு பொம்மையை வைத்து எங்களுக்குப் பழக்கிக் காட்டியிருந்தார்கள். உன் அம்மா உன்னைத் தோளோடு அணைத்து, இரண்டு முழங்கால்களையும் மடக்கி உன் மார்போடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். அப்படிச் செய்யும்போது உடம்புக்குப் போகும் பாதையில் எதிர்ப்பு கூடி, இரத்தம் நுரையீரல் பக்கம் திரும்பும். சிகிச்சை கிடைக்காமல் வளர்ந்த பிள்ளைகள் ஓடி விளையாடும்போது தாமாகவே குந்தி உட்கார்ந்துகொள்வதும் இதற்காகத்தான்; யாரும் சொல்லிக்கொடுக்காமலே உடம்பு அதைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. அம்மா உன் காதருகே தாலாட்டைப் போல ஏதோ முனகிக்கொண்டே இருந்தாள்; அவள் குரல் நடுங்கவில்லை, என் கைதான் சாவியைப் பிடிக்க முடியாமல் நடுங்கியது. மருத்துவமனை வாசலை அடைவதற்குள் உன் உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது.

அதன்பின் அந்தப் பாதை அப்படி இறுகாமல் இருக்கப் புரோப்ரனலால் என்ற மருந்தும், இரத்தசோகை வந்தால் இந்த நிலை அடிக்கடி வரும் என்பதால் இரும்புச்சத்துச் சொட்டு மருந்தும் கொடுத்தோம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் காத்திருக்கக் கூடாது, உடலில் நீர் குறைந்தால் உன்னைப் போன்ற குழந்தைக்கு இரத்தம் கெட்டியாகி ஆபத்து என்பதால் உடனே வர வேண்டும் என்றார்கள். உனக்கு டிரிப்ஸ் ஏற்றும்போது ஒரு செவிலியர் குழாயை விரல் நுனியால் தட்டித் தட்டி, கடுகளவு காற்றுக் குமிழியையும் வெளியேற்றுவார். மற்றக் குழந்தைகளுக்கு நுரையீரல் வடிகட்டிவிடும் குமிழி, உனக்கு ஓட்டை வழியாக நேராக மூளைக்குப் போய்விடலாம். அந்தப் பெண்ணின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. அந்த விரல் மறக்கவில்லை.

ஏழாவது மாதத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. உன் மருத்துவர் கேட்ட விவரம் இதுதான்: மார்பெலும்பைத் திறந்து, இதய-நுரையீரல் இயந்திரத்தில் வைத்து, ஓட்டையை ஒட்டுத்துண்டால் மூடினார்கள், வலது கீழறையின் வாயிலை அடைத்திருந்த தடித்த தசையை வெட்டி எடுத்தார்கள், நுரையீரல் தமனியின் வால்வு வளையம் மிகச் சிறியதாக இருந்ததால், அதைக் குறுக்கே வெட்டித் திறந்து அங்கும் ஒரு ஒட்டு வைத்து அகலப்படுத்தினார்கள். இந்தக் கடைசி வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள். அப்படி அகலப்படுத்தியதால் உன் வால்வு முழுமையாக மூடாது. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் இரத்தம் திரும்பிக் கசியும்.

அறுவை சிகிச்சை நடந்த ஆறு மணி நேரத்தில் நான் கையில் வைத்திருந்தது ஒரு பழைய மருத்துவ இதழ். ஃபேலட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1888இல் இந்த நோயை விரிவாக எழுதி வைத்தபோதும், அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தக் குழந்தைகளுக்கு யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை என்பதை அதில்தான் படித்தேன். ஹெலன் டாசிக் என்ற குழந்தை மருத்துவருக்குக் காது மந்தம்; ஸ்டெதாஸ்கோப்பில் கேட்க முடியாததை, குழந்தைகளின் மார்பில் கையை வைத்துத் தொட்டே அறியப் பழகியவர். நுரையீரலுக்கு வேறொரு வழியில் இரத்தத்தைக் கொண்டுபோனால் என்ன என்று கேட்டவர் அவரே. 1944 நவம்பர் 29 அன்று ஆல்ஃபிரட் பிளாலாக் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அதைச் செய்தபோது, பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னவர் விவியன் தாமஸ். ஆய்வுக்கூடத்தில் அந்த முறையைச் செய்து செய்து பழகியவர் அவர். மருத்துவப் பட்டம் இல்லாத கறுப்பினத்தவர் என்பதால் அவருக்குச் சேர வேண்டிய பெருமை பல ஆண்டுகள் சேரவில்லை. உனக்கு நடந்ததைப் போல இதயத்தைத் திறந்து முழுமையாகச் சரிசெய்வது 1954இல்தான் முதன்முதலில் கைகூடியது. நீ அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பிறந்தாய். அந்த முக்காலியை நினைத்துக்கொண்டே அன்று கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஐசியுவில் உன்னைக் குழாய்களுக்கு நடுவே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நான் முகத்தைப் பார்த்தேன். உன் அம்மா போர்வையை விலக்கிக் கால் விரல்களைப் பார்த்தாள். "நகத்தைப் பாருங்கள்" என்றாள். இளஞ்சிவப்பாக இருந்தது. உனக்கு அந்த நிறத்தில் நகம் இருந்து நாங்கள் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்தபின் ஆறு வாரம் உன்னை அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கை தலைக்கும் கழுத்துக்கும் அடியில், மறு கை இடுப்புக்கு அடியில் கொடுத்து அள்ளித்தான் எடுக்க வேண்டும், வெட்டிய மார்பெலும்பு ஒன்றுசேர வேண்டும் என்பதால். அந்த ஆறு வாரம் முடிந்த நாளில் நோட்டில் "தூக்கினேன்" என்று ஒரே சொல் எழுதியிருக்கிறேன். அதற்குப் பின் அதில் எதுவும் எழுதவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உன்னை மற்றப் பிள்ளைகளைப் போல ஓடவிடுங்கள், களைத்தால் அவளே நின்றுவிடுவாள் என்று மருத்துவர் ஒவ்வொரு பரிசோதனையிலும் சொன்னார். நான் அதைக் கேட்டுக்கொண்டு வந்து, பள்ளிக்கு விளையாட்டிலிருந்து விலக்குக் கடிதம் எழுதினேன். ஐந்து ஆண்டுகள் நீ மைதானத்தின் ஓரத்தில் மற்றவர்களின் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாய். அவர் சொல்லாத தடையை அவர் சொன்னதாகவே உன்னிடமும் சொன்னேன். அது பொய். என் பயத்துக்கு நீ விலை கொடுத்திருக்கிறாய். இதற்கு உன்னிடம் நான் நேரில் மன்னிப்புக் கேட்பேன், எழுத்திலும் கேட்கிறேன்.

நான் அப்படி இறுக்கிப் பிடித்ததால்தான், கை விட்டதும் நீ பரிசோதனையையே விட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன். கடைசியாக எக்கோ எடுத்தது உன் இருபத்திரண்டாம் வயதில். கசியும் வால்வு வருடக்கணக்கில் வலிக்காது, மூச்சு வாங்காது. வலது கீழறை மட்டும் சத்தமில்லாமல் பெரிதாகிக்கொண்டே போகும். அதை எம்.ஆர்.ஐ. எடுத்து அளந்து, அறை தளர்ந்துபோகும் முன் புது வால்வு வைப்பார்கள். சிலருக்கு மார்பைத் திறக்காமல் தொடை இரத்தக்குழாய் வழியாகவே வைக்க முடிகிறது. உனக்கு அது எப்போது தேவைப்படும் என்பதை அளவு பார்த்துத்தான் சொல்ல முடியும். படபடப்பு வந்தாலோ மயக்கம் வந்தாலோ மறுநாள் வரை பொறுக்காதே. பிறவி இதயக் குறையோடு வளர்ந்த பெரியவர்களுக்கென்றே பயின்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிரிவைக் கேட்டுப் போ. பல் சிகிச்சைக்கு முன் அவர்களிடம் ஒரு சொல் கேட்டுக்கொள். நீ பிள்ளை பெறத் திட்டமிடும்போது அதற்கு முன்பே அவர்களைப் பார். கருவில் இருக்கும் குழந்தைக்கும் ஐந்தாவது மாத வாக்கில் இதய எக்கோ எடுக்கலாம்.

உன் மருத்துவக் கோப்பினை இத்துடன் அனுப்புகிறேன். மேலே அறுவை சிகிச்சை அறிக்கை, அதன் கீழே எக்கோ முடிவுகள், கடைசியில் உன் பழைய இசிஜி, அதாவது இதய மின்பதிவு. உன் இசிஜி மற்றவர்களுடையதைப் போல இருக்காது. அறுவை சிகிச்சையின் விளைவாக வலது பக்க மின்பாதையில் தடை இருக்கிறது. அவசரத்தில் புதிதாகப் பார்ப்பவர் பதறாமல் ஒப்பிட்டுப் பார்க்க, அந்தத் தாளைப் படமெடுத்து உன் கைபேசியில் வைத்துக்கொள். நோட்டையும் வைத்திருக்கிறேன். அம்மாவின் கையெழுத்தில் உள்ள பக்கங்கள் மங்கியிருக்கின்றன, படிக்க முடியும்.

எக்கோவுக்கு நாள் குறித்ததும் அம்மாவிடம் சொல். அவள் கேட்கமாட்டாள், ஆனால் தெரிந்துகொள்ளக் காத்திருப்பாள். உள்ளே உன்னோடு வர வேண்டும் என்றால் இருவரும் வருகிறோம், வேண்டாம் என்றால் வெளியே உட்கார்ந்திருக்கிறோம்.

அன்புடன்,
அப்பா