கோழி இறகும் தேங்காய் எண்ணெயும்

உரும்பிராய்
தை 21

அன்பின் மச்சான்,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் வந்தது. பதில் எழுதச் சுணங்கிவிட்டேன், கோபிக்காதே. மழை விட்ட பிறகு வெங்காயத்துக்குள் புல்லுப் பிடுங்க ஆள் கிடைக்கவில்லை. நானும் மனுசியும்தான் குந்தியிருந்து பிடுங்கினோம். முழங்கால் இரண்டும் இப்போது சொல்லுக் கேட்பதில்லை. மற்றப்படி சுகம்.

பேத்தி லாச்சியைக் கிளறி அயடின் குளிசைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து “இது என்ன அப்பப்பா?” என்று கேட்டதாக எழுதியிருந்தாய். கனடாவில் அஜாக்ஸில் குடியிருக்கிற உனக்குப் பிக்கரிங் அணுமின் நிலையம் அடுத்த வளவு மாதிரித்தான். 10 கிலோமீற்றருக்குள் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் குளிசை கொடுத்து வைத்திருக்கிறார்களே. 2020 ஜனவரியில் ஒரு ஞாயிறு விடிய அணுமின் நிலையத்தில் ஏதோ சம்பவம் என்று எல்லாருடைய போனும் அலறி, பிறகு தவறுதலாக அனுப்பிவிட்டோம் என்றார்கள். அன்றைக்கு நீ நடுங்கிக்கொண்டு எனக்கு எடுத்தது இன்னும் காதில் நிற்கிறது.

“நீ மோட்டர் வைண்டிங்கோடு சீவித்தவன், சொல்லு. அவ்வளவு பெரிய இடத்தில் திருத்தப் போய்ப் பழுதாக்குவார்களா?” என்று கேட்டிருக்கிறாய். செய்வார்கள் மச்சான். நாங்களே செய்திருக்கிறோமே! மில்லு மோட்டரை மறந்துவிட்டாயா? மறந்தது மாதிரி நடிப்பாய், டோர்ச் பிடித்தவன் நீ.

மோட்டருக்குக் கரண்டை விடுகிற, வெட்டுகிற ஸ்டார்ட்டர் பெட்டி கர்ரென்று இரைகிறது என்று மில்காரர் கூப்பிட்டார். கழற்றிப் பார்த்தால் உள்ளே மிளகாய்த்தூளும் மாவும். துடைத்ததோடு விட்டிருக்கலாம். நான் பெரிய கெட்டிக்காரன் போல அவர் வீட்டுக் குசினியில் தேங்காய் எண்ணெய் வாங்கி, கோழி இறகால் தொட்டுத் தொட்டு, காந்தம் இழுக்கிற துண்டிலும் அது ஏறி இறங்குகிற தடத்திலும் வடிவாகப் பூசினேன். சத்தம் நின்றது. தேத்தண்ணியும் வடையும் கிடைத்தன. மார்கழிப் பனியில் எண்ணெய் உறைந்து, மாவோடு சேர்ந்து பசையாகிவிட்டது. ஒருநாள் விடிய, மோட்டருக்குக் கரண்ட் வருகிற மூன்று பேசில் (வழியில்) ஒன்றின் பியூஸ் போயிருக்கிறது. கரண்ட் மிஞ்சினால் வெட்டுகிற ஓவர்லோட் தன் வேலையைச் செய்து, காந்தத்தின் கொயிலுக்குப் போகிற கரண்டை வெட்டியது. ஆனால் துண்டு விழவில்லை, ஒட்டிக்கொண்டு மேலேயே நின்றது. மிச்ச இரண்டு பேசில் மோட்டர் முக்கி முக்கி எரிந்து வார்னிஷ் நாறியது. எங்கள் காசிலேயே கம்பி வாங்கித் திரும்பச் சுற்றிக் கொடுத்தோம்.

இதே கதை அமெரிக்காவில் அணு உலையில் நடந்தது. நியூ ஜேர்சியில் சேலம் என்று ஒரு நிலையம், நம்மட தமிழ்நாட்டுச் சேலம் இல்லை. அணு உலையை நிற்பாட்டுகிற கோல்களைக் காந்தங்கள்தான் மேலே பிடித்து வைத்திருக்கும். கரண்டை வெட்டினால் அவை தம் பாரத்திலேயே உள்ளே விழுந்து உலை அடங்கும். வெட்டுவதற்கு இரண்டு பிரேக்கர் (பெரிய சுவிச்), ஒன்றன் பின் ஒன்றாக. எது ஒன்று திறந்தாலும் போதும். 1983 பெப்ரவரி 25, நள்ளிரவு தாண்டி, முதலாம் உலை 12 வீதச் சக்தியில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீராவி ஆக்கியில் தண்ணீர் குறைந்து, தானியங்கி “வெட்டு” என்று சொல்லிவிட்டது. இரண்டு பிரேக்கரும் அசையவில்லை. ஏறத்தாழ அரை நிமிடத்தில் உலையை இயக்குகிறவர் ஒருவர் கையால் சுவிச்சைத் திருப்பி நிற்பாட்டினார். கைச் சுவிச்சுக்கு வேறொரு கொயில் இருந்தபடியால் தப்பியது.

பிரேக்கரை அவிழ்க்கிற சின்னப் பகுதி ஒன்று இருக்கிறது. மின்னழுத்தம் போனால் ஸ்பிரிங் தட்டி விடவேண்டும். அந்தப் பகுதி தேய்ந்து, சரியான மசகு (கிரீஸ், எண்ணெய்) இல்லாமல் இறுகிப்போயிருந்தது. முந்தின மாதம்தான் துப்புரவாக்கி ஒரு ஸ்பிரே அடித்திருந்தார்கள். தயாரித்தவர்கள் சொன்ன மசகு அதுவல்ல. தயாரித்தவர்கள் எழுதி அனுப்பிய பராமரிப்புக் குறிப்பும் வேலை செய்கிறவன் கையில் இருந்த தாளுக்குப் போய்ச் சேரவில்லை. வாசித்தபோது எனக்கு அந்தக் கோழி இறகுதான் கண்ணுக்குள் வந்தது.

என்னை உலுப்பியது அதுகூட இல்லை. மூன்று நாளுக்கு முன், 22ஆம் திகதியும் அதே பிரேக்கர்கள் திறக்கவில்லை. அன்றைக்கு வேறொரு கோளாறால் உலையை இயக்குகிறவர் ஏறத்தாழ அதே நேரத்தில் கையாலும் நிற்பாட்டியிருந்தார். உலை நின்றுவிட்டது, எல்லாரும் தானியங்கிதான் நிற்பாட்டியது என்று நினைத்துவிட்டார்கள். பதிவுத் தாளில் இருந்தது, பார்க்க ஆளில்லை. 25ஆம் திகதிக்குப் பிறகு பின்னோக்கித் தேடியபோதுதான் பிடிபட்டது. அதற்குப் பிறகு கைச் சுவிச்சின் கொயிலையும் தானாக இயங்க வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மசகைத் திருத்தியதைவிட அதுதான் மூளையான வேலை என்பது என் எண்ணம்.

ஜப்பானில் மிஹாமா அணுமின் நிலையத்தின் கதை வேறு மாதிரி. அங்கே பிழையாகத் திருத்தவில்லை, பார்க்கவே இல்லை. மூன்றாம் உலையில் சுடுநீர் போகிற குழாய், 10 மில்லிமீற்றர் தடிப்பு. 1976இல் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அந்த இடத்தை ஒருதரமும் சோதிக்கவில்லை. தண்ணீர் உள்ளிருந்து அரித்து அரித்து, மெல்லிய இடத்தில் ஒன்றரை மில்லிமீற்றருக்கும் கீழே வந்துவிட்டது. 2004 ஓகஸ்ட் 9 வெடித்தது. வெளியே வந்தது கதிர்வீச்சில்லாத வெறும் ஆவிதான், ஆனால் அவிந்து ஐந்து பேர் செத்தார்கள். சில நாளில் தொடங்கவிருந்த பராமரிப்புக்கு ஆயத்தம் செய்யப் போன ஒப்பந்தத் தொழிலாளிகள் மச்சான்.

அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்திலும், 1979இல், அவசரத் தண்ணீர் போகிற வால்வுகள் மூடியபடியே கிடந்தன; சோதனைக்காக மூடித் திறக்க மறந்துவிட்டார்கள் போல. மூடியிருக்கிறது என்று காட்டுகிற விளக்கு ஒன்றைப் பராமரிப்பு அட்டை தொங்கி மறைத்ததாம். எட்டு நிமிடம் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த விபத்துக்கு வேறு காரணமும் கனக்க உண்டு, நேரில் கதைப்போம்.

உன் ஊரில் இருப்பது கனநீர் உலை, அதன் சாதி வேறு. இதைப் படித்துவிட்டு வீடு மாறப் போகிறேன் என்று நிற்காதே. பேத்திக்கு இப்படிச் சொல்லு: அந்தக் குளிசை தொண்டையில் இருக்கிற தைரொயிட் சுரப்பியை மட்டும்தான் காக்கும், கதிர்வீச்சுள்ள அயடின் அதற்குள் போய்க் குந்தாமல். மற்ற எதற்கும் உதவாது. அரசாங்கம் சொன்னால்தான் போடவேண்டும்.

நான் உனக்கு இவ்வளவு எழுதிவிட்டு, எங்கள் வீட்டில் கரண்ட் கசிந்தால் தானாக வெட்டுகிற ட்ரிப் சுவிச்சின் டெஸ்ட் பட்டனை அமத்திப் பார்த்தேன். மூன்று வருசமாகத் தொடவில்லை. இரண்டாம் தரம் அமத்தித்தான் விழுந்தது. மனுசி குசினிக்குள்ளிருந்து கத்தினாள், மிக்ஸியில் சம்பல் பாதியில் நின்றுவிட்டதாம். நாளைக்குப் புதுசு வாங்க ரவுணுக்குப் போகிறேன்.

நீயும் அந்தக் குளிசைப் பெட்டியைத் திருப்பி, காலாவதித் திகதி என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து எழுது.

உன் பழைய கூட்டாளி