தேதி தெரியாத பிறப்பும் தெளிவான சந்தோஷமும்

அன்பு நண்பனுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடும் உன் வீட்டாரோடும் இருப்பதாக. உன் கடிதம் கிடைத்தது. உன் மகளுக்கு வேலை உறுதியானதை அறிந்து எங்கள் வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். மூட்டுவலி என்னை விட்டபாடில்லை; ஆனாலும் பாடகர் குழுவில் இந்த ஆண்டும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கீழ்க்குரலுக்கு ஆள் இல்லை என்பதே உண்மையான காரணம்.

கிறிஸ்துமஸை ஆரவாரமின்றி ஓர் ஆராதனையோடு முடித்துக்கொள்ளலாம் என்று உங்கள் சபையில் சிலர் சொல்வதாகவும், அதில் உனக்கும் பாதிச் சம்மதம் என்றும் எழுதியிருந்தாய். இயேசு பிறந்த தேதி வேதத்தில் இல்லை. ஆகவே கொண்டாட்டம் மனிதர் ஏற்படுத்தியது என்பது அவர்கள் வாதம். அதன் முற்பகுதியை நான் மறுக்கவில்லை. மத்தேயுவும் லூக்காவும் தேதியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. டிசம்பர் 25ஐக் குறிக்கும் உறுதியான பழைய சான்று, ரோமில் 354ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டியில் இருக்கிறது. 386இல் அந்தியோகியா நகரில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம் என்ற குருவானவர், இந்த நாள் தங்களுக்குத் தெரியவந்து பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை என்கிறார். ஆர்மீனிய சபையார் இன்றும் ஜனவரி 6ஆம் தேதியே இந்தப் பிறப்பை நினைவுகூருகிறார்கள். பிறந்த தேதி எழுதிவைக்கப்படாத தாய்க்குப் பிள்ளைகள் தாங்களே ஒரு நாளைக் குறித்துக்கொண்டு விழா எடுத்தால், அந்த அன்பில் யாராவது குறை காண்பார்களா?

கொண்டாட்டத்தை அடியோடு நிறுத்திப் பார்த்தவர்களும் உண்டு. 1647இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸைத் தடை செய்தது. 1659இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் அதைக் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் வந்தது, 1681 வரை அது நீங்கவில்லை. குடியும் கூத்தும் மிஞ்சிப்போனதைக் கண்டு அவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. ஆனால், மகிழ்ச்சியைத் தவறாக நடத்தியவர்களைத் திருத்துவதை விட்டு மகிழ்ச்சியையே குற்றமாக்கியதை என்னால் ஏற்க இயலவில்லை.

ஏனெனில், தேதியைப் பற்றி மௌனமாக இருக்கும் அதே வேத அதிகாரங்கள் சந்தோஷத்தைப் பற்றி மௌனமாக இல்லை. 'எல்லா ஜனத்துக்கும் மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தி' என்றே தூதன் மேய்ப்பர்களிடம் அறிவிக்கிறான். கிழக்கிலிருந்து வந்து நட்சத்திரத்தைக் கண்ட சாஸ்திரிகள் 'மிகுந்த ஆனந்தசந்தோஷமடைந்தார்கள்' என்று மத்தேயு எழுதுகிறார். அவர்கள் எவருக்கும் நாட்காட்டி தேவைப்படவில்லை. செய்தியைக் கேட்டதும் மகிழ்ந்தார்கள், அவ்வளவுதான். வார்த்தை மாம்சமானார் என்று நாம் உண்மையாகவே நம்பினால், தேவன் தொண்டையும் கைகளும் பசியும் உள்ள மனிதராக வந்தார் என்று நம்புகிறோம். அப்படியானால் அந்த நம்பிக்கையை மனத்துக்குள் மட்டும் பூட்டி வைப்பது எனக்கு விசித்திரமாகத் தோன்றுகிறது. உரக்கப் பாடுவதும், பந்தியில் ஒன்றாக அமர்வதும், பிள்ளைகள் ஓடி விளையாடுவதும் விசுவாச அறிக்கையின் பகுதிகளே என்பது என் எண்ணம். ஐந்தாம் நூற்றாண்டில் ரோம ஆயராக இருந்த முதலாம் லியோ, ஜீவன் பிறந்த நாளில் துக்கத்துக்கு இடமில்லை என்று தம் கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் சொன்னதும் இந்தப் பொருளில்தான்.

வீண் செலவைப் பற்றி நீ எழுதியதோடு ஒத்துப்போகிறேன். நெகேமியா 8ஆம் அதிகாரத்தை மறுபடி படித்துப் பார். பரிசுத்தமான நாள் என்பதால் அழ வேண்டாம், கொழுமையானதைப் புசியுங்கள் என்று மக்களுக்குச் சொல்லப்படுகிறது. அதே மூச்சில், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்புங்கள் என்றும் சொல்லப்படுகிறது. உங்கள் சபையார் விவாதிக்க வேண்டியது எவ்வளவு சத்தம் என்பதையல்ல, யாருக்கெல்லாம் பங்கு போயிற்று என்பதையே என்று எனக்குப் படுகிறது.

தம்பியை இழந்த ஆண்டில் மகிழ்வது நடிப்பாகாதா என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். கடிதத்தின் மற்ற எல்லாவற்றையும்விட அது என்னை வருத்தியது. உன்னைச் சிரிக்கச் சொல்ல நான் யார்? ஆனால் ஒன்றைக் கவனித்தாயா: மேற்கத்தியத் திருச்சபையின் நாட்காட்டியில் டிசம்பர் 26 இரத்தசாட்சியான ஸ்தேவானின் நாள், 28 ஏரோது ராஜா கொன்ற பெத்லகேம் குழந்தைகளின் நாள். பண்டிகையை அமைத்தவர்கள் துக்கத்தை மறைக்கவில்லை; அதற்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்கினார்கள். 'கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்' என்று பவுல் எழுதியதும் சிறையிலிருந்துதான். பாட முடியாவிட்டால் பாடுகிறவர்கள் நடுவில் உட்கார்ந்திரு. உனக்காகவும் சேர்த்து அவர்கள் பாடட்டும்.

சபைக் கூட்டத்தில் என்ன முடிவானது என்று எழுது. பண்டிகை ஆராதனை முடிந்ததும் உன்னைத் தொலைபேசியில் அழைக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

உன் அன்பு நண்பன்